மாளாவில் காஸெட், கையில் கணக்கு

என் அண்ணன் மகளுக்கு 2022-ஆம் ஆண்டு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கக் கொடுத்த மறுநாள் அவள் டெலிபோனில் கூப்பிட்டு, "சித்தப்பா, அப்பா பேசுற மாதிரி வீடியோ ஏதாவது நம்ம வீட்ல இருக்கா? கல்யாணத்தன்னிக்கு ரெண்டு நிமிஷம் போட்டுக் காட்டணும்" என்று கேட்டாள். அண்ணன் காலமானது 2014-இல். "இருக்கும்மா, கட்டாயம் இருக்கும். மாளாவுல ஒரு பெட்டி காஸெட் கிடக்கே" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்வதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை என்பது அடுத்த மூன்று இரவுகளில் தெரிந்தது.

மாளா என்று நாம் பம்பாய்ப் பழக்கத்தில் சொல்லும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். வி.எச்.எஸ். காஸெட் மட்டும் 41. மேலே 'பணக்காரன்' என்று எழுதியிருந்ததைப் போட்டால் அரை மணி நேரம் ரஜினி வருகிறார். அப்புறம் கோடு கோடாக ஓடி, யாருக்கோ சீமந்தம் நடக்கிறது. 'சீமந்தம்' என்று எழுதியிருந்ததில், மெட்ராஸிலிருந்து யாரோ பதிவு செய்து கொண்டுவந்த 'ஒலியும் ஒளியும்'. உறை ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. பதினைந்துக்கு மேற்பட்ட காஸெட்டுகளில் எதுவுமே எழுதவில்லை. எடுத்த அன்று, 'இது நமக்குத் தெரியாதா' என்று நினைத்திருப்போம்.

செம்பூரில் ஒரு நண்பரிடமிருந்து இரவல் வாங்கி வந்த பழைய டெக் இரண்டாம் இரவே மக்கர் செய்தது. மழைக்கால ஈரத்தில் நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்ததைக் கவனிக்காமல் உள்ளே தள்ளிவிட்டேன். அந்தத் தூள் டெக்கின் ஹெட்டில் அப்பிக்கொண்டது. அதன் பிறகு போட்ட நல்ல காஸெட்டும் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தது. மூன்றாம் இரவில் அண்ணன் கிடைத்தான். என் கல்யாண வீடியோவில், பந்தியில் சாம்பார் வாளியோடு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போகிறான். ஏழு விநாடி. வீடியோக்காரர் முழுக் காஸெட்டுக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்ததால் குரல் இல்லை.

கல்யாணத்தில் அந்த ஏழு விநாடியைத்தான் காட்டினோம்.

இதைவிட என்னை வருத்தியது வேறு. எங்கள் வீடு சுனாபட்டியில், ஸ்வதேசி மில் பக்கம், தரைத்தளம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாளை மும்பையில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கட்டிலுக்கு அடியில் இன்னொரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதிலும் காஸெட்டுகள். மூன்றாம் நாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, சேற்றோடு சேற்றாக அப்படியே குப்பையில் போட்டோம். அந்தப் பெட்டியில் எத்தனை இருந்தன? எவை இருந்தன? தெரியாது. ஆகவே, 2022-இல் மூன்று இரவு உட்கார்ந்து தேடியது, மாளாவில் இருக்கும் ஒன்றையா, பதினேழு வருடத்துக்கு முன் குப்பை வண்டியில் போன ஒன்றையா என்று எனக்கோ மதினிக்கோ சொல்லத் தெரியவில்லை. பொருள் தொலைந்தது ஒரு நஷ்டம். என்ன தொலைந்தது என்று தெரியாமல் இருப்பது இன்னொரு நஷ்டம்.

வீடுதான் இப்படி என்றில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. ஹெச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் தயாரானது நம் பம்பாயில்தான், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியில். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் யார் எடுத்தது, யார் நடித்தது, என்றைக்கு வெளிவந்தது என்ற விவரமாவது எழுத்தில் தங்கியிருப்பதால் இல்லாத படத்தைப் பற்றியும் நம்மால் பேச முடிகிறது. எங்கள் டிரங்குப் பெட்டிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

கல்யாணம் முடிந்ததும் கணக்கு எழுத உட்கார்ந்தேன். எப்படி எழுதுவது என்பதற்கு எனக்கு முன்மாதிரி, அந்தக் காலத்து வீடியோ கடை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கங்களில் தமிழ்ப் பட காஸெட்டுகளை வாடகைக்குக் கொடுத்த கடைகளுக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காஸெட்டின் முதுகில் ஒரு எண். கல்லாவில் ஒரு நீள நோட்டு. 'எண் 212, இன்னார், இந்தத் தேதி' என்று ஒரு வரி. திருப்பிக் கொடுத்ததும் அந்த வரியில் ஒரு கோடு. சனிக்கிழமை ராத்திரி டெக்கும் டி.வி.யும் மூன்று படமும் சேர்த்து வாடகைக்கு எடுத்துப் போய், சாலில் பத்துக் குடும்பம் உட்கார்ந்து விடியவிடியப் பார்த்தாலும், திங்கட்கிழமை எது யாரிடம் இருக்கிறது என்று கடைக்காரர் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நான் செய்ததெல்லாம் அந்த நோட்டை மொபைலில் போட்டதுதான்.

கையடக்கக் கருவியில் எழுதுவது எனக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனீஷ் மார்க்கெட்டில் ஒரு டிஜிட்டல் டைரி வாங்கி, அதில் ஆங்கில எழுத்தில் இருபது முப்பது காஸெட் பெயர்களை ஏற்றினேன். பிரதான பேட்டரி தீர்ந்திருந்த நேரத்தில் காப்புப் பேட்டரியையும் கழற்றிவிட்டேன்; அத்தனையும் அழிந்தது. பிறகு 1999-இல் பையன் கம்ப்யூட்டரில் தமிழிலேயே ஒரு பட்டியல் அடித்துக் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. பழைய கம்ப்யூட்டரோடு அந்த எழுத்துருவும் போனது. இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் பிறையும் கொம்புமாக ஏதோ மந்திரம் போல இருக்கிறது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. மொபைலுக்கு அது வந்து சேரத்தான் தாமதம். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை கூடவே வர 2013 ஆயிற்று. இன்று எந்த மொபைலில் தமிழில் அடித்தாலும் இன்னொன்றில் அப்படியே தெரியும். ஆகவே பட்டியலைத் தமிழிலேயே எழுதுங்கள். பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அத்தையும் ஆச்சியும்தான்.

கடையில் வாங்கிய பட டி.வி.டி.களுக்கு என்றே செயலிகள் உண்டு. உறையின் பட்டைக் கோட்டை மொபைல் கேமராவில் காட்டினால் படத்தின் பெயரும் ஆண்டும் தானாக வந்து விழும். என்னிடம் இருந்த தமிழ் வி.சி.டி.கள் பலவற்றை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நம் வீட்டுக் காதுகுத்துக்குப் பட்டைக் கோடு ஏது! சாதாரண விரிதாள் போதும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரிதான். எந்த மொபைலிலும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு காஸெட்டுக்கு ஒரு வரி.

முதலில் எண். 1, 2, 3 என்று போய்க்கொண்டே இருக்கட்டும். கல்யாணத்துக்கு 'க-1', பொங்கலுக்கு 'பொ-1' என்று புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். நான் காட்டினேன். 'க-4' என்று எண் போட்ட காஸெட்டில் பாதிக்கு மேல் புதுமனை புகுவிழா என்று பிறகு தெரிந்தபோது மொத்தத்தையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. எண்ணை உறையில் ஒட்டாதீர்கள். காஸெட்டின் உடம்பிலேயே எழுதுங்கள். உறைகள் இடம் மாறும். எங்கள் வீட்டில் நடந்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். வட்டுகளில் காகிதம் ஒட்டக்கூடாது. வேகமாகச் சுழலும்போது சமன் கெடும். சில வருடங்களில் உரிந்து வட்டையே கெடுக்கும். பால் பாயிண்ட் பேனாவாலும் எழுதக்கூடாது. வட்டுக்கென்று விற்கும் மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் எழுதினால் போதும். எண் போட காஸெட்டைக் கையில் எடுக்கும்போதே முதுகில் ஓர் ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் பாருங்கள். அது இருந்தால் அந்தக் காஸெட்டின் மேல் மறுபடி பதிவு செய்ய முடியும், உடைத்துவிட்டால் முடியாது. எங்கள் வீட்டில் எவரும் உடைக்கவில்லை. அதனால்தான் ஒரு சீமந்தம் ரஜினி படத்தைப் பாதியில் விழுங்கியது. எத்தனை சீமந்தத்தை எத்தனை படம் விழுங்கியதோ.

அடுத்தது வகை. வி.எச்.எஸ். பெரியது; 1976-இல் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனி கொண்டுவந்தது. ஆடியோ காஸெட் அளவில் இருப்பது வீடியோ-8 அல்லது ஹை-8. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக இருப்பது மினி டி.வி.; இந்த டி.வி. டெலிவிஷன் அல்ல, டிஜிட்டல் வீடியோ. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இயந்திரம் வேண்டும் என்பதால் வகை எழுதுவது முக்கியம். அமெரிக்கா, கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய காஸெட்டாக இருந்தால் என்.டி.எஸ்.ஸி. என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் முறை பால். ஒன்றுக்கான டெக்கில் மற்றது சரியாக ஓடாது. வி.சி.டி.யில் ஒரு வட்டுக்கு 74 நிமிடம்தான் கொள்ளும். அதனால் ஒரே நிகழ்ச்சி இரண்டு மூன்று வட்டாக இருக்கும். '2/3' என்று எழுதினால்தான் முதல் வட்டும் மூன்றாம் வட்டும் எங்கோ இருக்கின்றன என்ற நினைப்பாவது வரும்.

மேலே எழுதியிருப்பது ஒரு பத்தி, உள்ளே இருப்பது தனிப் பத்தி. உள்ளே பல நிகழ்ச்சிகள் இருந்தால் எத்தனையாவது நிமிடத்தில் எது என்று எழுதுங்கள். பழைய டெக்குகளில் ஓடும் நாலிலக்க எண்ணை எழுதிப் பயனில்லை. அது டெக்குக்கு டெக் மாறும்.

தேதி விஷயத்தில் கேமராவை நம்பாதீர்கள். திரையின் மூலையில் ஒரு தேதி மினுக்கும். அதைச் சரியாக வைத்தவர் யாரும் கிடையாது. நான் நம்பியது சுவரைத்தான். நம் வீடுகளில் தினசரிக் காலண்டர் தொங்காத சுவர் உண்டா? நாலைந்து காஸெட்டுகளில் கிழிக்கும் தாளின் எண் தெளிவாகவே தெரிந்தது. எங்கள் வீட்டில் அதை ஒழுங்காக அன்றன்றைக்குக் கிழித்தவர் அம்மா. அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில் காலண்டரும் நின்றுவிடும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேதி தெரியாவிட்டால், 'மகள் நடக்கத் தொடங்கிய பிறகு, வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடிக்கும் முன்' என்று சாட்சியை எழுதி வையுங்கள். தெரிந்த தேதிகளை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் விரிதாளே வரிசைப்படுத்தித் தரும்.

இனி வருவதுதான் நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல். 'இருப்பவர்கள்' என்ற பத்தியில் நான் முதலில் எப்படி எழுதினேன் தெரியுமா? 'அத்தை, மாமா, பெரியம்மா, சின்ன ஆச்சி.' எழுதும்போது எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இது என் அத்தையா, உங்க அத்தையா?" என்றாள். எனக்கு அத்தை, அவளுக்குப் பாட்டி, மதினிக்கு மாமியார் முறை. உறவுப் பெயர் எழுதுகிறவனை நடுவில் வைத்துச் சுற்றுகிறது. எழுதியவன் போய்விட்டால் அச்சு கழன்ற சக்கரம். ஆகவே பெயரைத்தான் எழுத வேண்டும். பெயரிலும் சிக்கல். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். எங்கள் வீட்டில் சண்முகம் மட்டும் மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஒரே காஸெட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தும் பிறந்த வருடமும் சேர்த்து எழுதித்தான் பிரித்தேன். அப்புறம் எழுத்து. ஒரு வரியில் 'ஷண்முகம்', இன்னொரு வரியில் 'சண்முகம்' என்று எழுதினால் தேடும்போது மொபைல் ஒன்றைக் காட்டும், மற்றதை மறைக்கும். ஒருவருக்கு ஒரே எழுத்து என்று முடிவு செய்து, பெயர்களுக்குத் தனியாக இன்னொரு தாள் வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் உறவும் இருக்கிறது. யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதோடு.

மொபைலில் முகத்தைப் பார்த்துத் தானே ஆளைப் பிரிக்கும் வசதி இருக்கிறதே என்று என் பையன் சொன்னான். புதிய படங்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. வி.எச்.எஸ். மங்கலில் எங்கள் தாத்தாவையும் அவர் பேரனையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அது ஒன்றும் பெரிய தப்பில்லை, பாதி ஊரே அப்படித்தான் சொல்லும்.

இந்தப் பட்டியல் ஏன் மொபைலில் இருக்க வேண்டும், பெட்டியோடு ஒரு நோட்டில் இருந்தால் போதாதா? பெட்டி சுனாபட்டியில் இருக்கிறது; விவரம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. ஒருவர் தாராவியில், ஒருவர் செம்பூரில், ஒருவர் மஸ்கட்டில். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பத்து நாலு வயதில் என் அத்தை அம்பாசமுத்திரத்தில். அவர் பம்பாய்க்கு ரயிலேறி வந்து டெக் முன்னால் உட்காரப் போவதில்லை. பட்டியல்தான் அவரிடம் போக வேண்டும்.

2023 பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனபோது அப்படித்தான் கொண்டு போனேன். அதற்குள் பாதிக் காஸெட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஏழெட்டு நிழற்படங்களும் சில நிமிட வீடியோவும் எடுத்து, காஸெட் எண்ணையே பெயராக வைத்து மொபைலில் ஏற்றிக்கொண்டேன். அத்தை பேசப் பேச நான் தட்டிக்கொண்டிருந்தால் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் மொபைலிலேயே அவர் பேச்சைப் பதிவு செய்தேன். ஆரம்பத்தில் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும். பிறகு ராத்திரி கேட்டுக் கேட்டு வரிகளை நிரப்பலாம். தட்டச்சு வராதவர்கள் தமிழில் பேசினாலே எழுத்தாக மாற்றும் வசதியை கூகுள் 2017-இல் கொண்டுவந்தது. திருநெல்வேலிப் பேச்சைப் பாதிதான் பிடிக்கிறது, மீதியைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டு மத்தியானங்களில் முப்பத்தொரு பேரை அத்தை அடையாளம் சொன்னார். கூடவே வீட்டில் யாரும் பேசாத இரண்டு சண்டைகள், ஒரு நிலத் தகராறு, யார் கழுத்தில் இருந்த சங்கிலி யாருடையது என்பதெல்லாம் வந்தன. அவற்றை விரிதாளில் ஏற்றவில்லை. குடும்பம் முழுக்கப் பார்க்கும் தாளில் எதை எழுதுவது, எதை விடுவது என்று ஒரு விவஸ்தை வேண்டும்.

எண் 23 வந்தது. எங்கள் சாலில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா முறத்தில் உளுந்து புடைக்கிறார், குழந்தைகள் ஓடுகின்றன, விசேஷம் எதுவும் இல்லை. 'முக்கியமில்லை' என்று நானே அந்த வரியில் எழுதி வைத்திருந்தேன். அத்தை மொபைலைக் காதருகில் கொண்டு போய், "இது எடுத்தது யாருலே? அவந்தானே? சத்தம் கேக்குதுல்லா" என்றார்.

நான் மறுபடி போட்டுக் கேட்டேன். "எம்மா, இங்க பாரு... சிரிக்கப்பிடாதா? ஏட்டி, கேமராவைத் தொடாத!" அண்ணன் குரல். 1989-இல் மஸ்கட்டிலிருந்து தோளில் வைத்துப் பிடிக்கும் அந்தப் பெரிய கேமராவைக் கொண்டுவந்தவனே அவன்தான். கேமராவை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான். படத்தில் எப்படித் தெரிவான்? மூன்று இரவு நாங்கள் திரையில் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். சத்தத்தைக் குறைத்து வைத்து, வேகமாக ஓட்டி ஓட்டி.

அன்று ராத்திரியே பட்டியலில் ஒரு பத்தியைக் கூட்டினேன்: 'எடுத்தவர்'. மும்பை திரும்பி, எல்லாவற்றையும் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டேன். பதினேழு காஸெட்டுகளில் அவன் பேசுகிறான். ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரரோடு மராத்தியில் கிரிக்கெட் விவகாரம். ஒன்றில், தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தையிடம் நாலு நிமிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறான், கேமரா ஓடுவதையே மறந்தவன் போல. அந்தக் குழந்தைதான் கல்யாணத்துக்கு வீடியோ கேட்டது. கல்யாணம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு நிமிடத்தை அனுப்பிவிட்டு மதினிக்கும் சொன்னேன். மதினி இன்னும் அதைக் கேட்கவில்லை. "வச்சிருங்க, கேக்கணும்னு தோணும்போது கேக்கேன்" என்றார். அது எண் 9. எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதோடு பட்டியலில் இருக்கிறது.

மீதிப் பத்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இருக்குமிடம்': மாளா, பீரோ, யார் வீடு. 'வாங்கிப் போனவர்': பெயர், தேதி. கல்யாணக் காஸெட்டை ஊரில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வாங்கிப் போனவர்கள் அதைத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் குறைவு. நகல் எடுக்கக் கடையில் கொடுத்தாலும் இந்தப் பத்தியில் எழுதுங்கள். நான் ஒரு கடையில் ஆறு காஸெட் கொடுத்தேன். ஐந்துதான் கொடுத்தீர்கள் என்றார்கள். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை, பேசாமல் திரும்பி வந்தேன். இப்போது கொடுக்கும்போது எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிப் பத்தி 'நகல்'. பட்டியல் எழுதுவதோடு வேலை முடியாது. நாடாக்கள் அழிந்துகொண்டே இருக்கின்றன. நாடாவைவிட வேகமாக டெக்குகள் அழிகின்றன. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனிப் பழையதைப் பழுது பார்த்து ஓட்டுவதுதான். பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மினி டி.வி.யை மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும், குறைத்துச் சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வி.எச்.எஸ்.க்கு அதில் கொஞ்சம் போதும். வாட்ஸ்அப்பில் வந்ததை நகல் என்று எண்ண வேண்டாம். அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். எங்கள் நகல்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் இங்கே, இன்னொன்று ஊரில். இரண்டும் சுனாபட்டியிலேயே இருந்தால் இன்னொரு ஜூலை 26-க்கு என்ன பதில் சொல்வது? பட்டியலையும் பொங்கலுக்குப் பொங்கல் ஒருமுறை தாளில் அச்சடித்து வைக்கிறேன். மொபைலும் தொலையும், டிஜிட்டல் டைரி கற்றுக்கொடுத்த பாடம் அது. குடும்பத்தாருக்கு எல்லோரும் பார்க்கலாம், மூன்று பேர் மட்டும் திருத்தலாம் என்று வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் திருத்த உரிமை கொடுத்த முதல் வாரத்தில் ஒரு மருமகப்பிள்ளை இருபது வரியைத் தவறுதலாக அழித்துவிட்டார்.

2005-இல் போனவற்றுக்கும் எண் கொடுத்திருக்கிறேன். யாராவது, "அந்தக் கட்டில் பெட்டியில் எங்க காதுகுத்து இருந்துச்சே" என்று சொன்னால் ஒரு வரி எழுதி, இருக்குமிடத்தில் 'இல்லை' என்று போடுகிறேன். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்று திரும்பக் கிடைத்தும் விட்டது. 1992-இல் அம்பாசமுத்திரத்துக்குப் பார்க்கக் கொடுத்தனுப்பி, திருப்பித் தராமலே அங்கே ஒரு பெட்டியில் கிடந்தது. திருப்பித் தராதவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமை!

பட்டியலில் இப்போது 127 எண்கள். ஒன்பது வரிகளில் இன்னும் கேள்விக்குறி நிற்கிறது. அதில் ஒன்று எண் 58. தாராவி 90 அடி ரோட்டில் பொங்கல். வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பானை வைத்திருக்கிறார்கள். 1990-க்கும் 1993-க்கும் நடுவில் இருக்கலாம். நடுவில் ஏழு சிறுமிகள் மஞ்சள் பாவாடையில் கோலாட்டம் ஆடுகிறார்கள். இடது பக்கம் மூன்றாவது சிறுமியின் கோல் கையிலிருந்து நழுவி விழ, அவள் சிரித்துக்கொண்டே எடுக்கிறாள். எடுத்தவர் அண்ணன்தான், அவனும் சிரிப்பது கேட்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. இன்று நாற்பது வயதைத் தொட்டிருப்பார்கள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஞாபகம் வந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னைக் கேளுங்கள். வீடியோ மொபைலில்தான் இருக்கிறது.